தேவைப்படும்

இருபதுக்குப் பத்து.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
சவுக்குக் கம்பு தனி, கட்டுக்கூலி தனி.
இந்த மூன்றில் மட்டும்
யாரும் சண்டை போடவில்லை.

சிம்மக்கல்லில் இரவு பத்தரை மணி.
ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
என் திரைக்கு முன்னால் நான்கு பேர்,
ஒரு ஸ்டூலில் இரண்டு பேராய்.
ஹாக்கி சீசனுக்கு இன்னும் பதினோரு நாள்.

"மன்ரூப் சிங்கைப் பெருசாக்குங்க தங்கச்சி.
போன வருசம் பெனால்டி கார்னர்ல பதினாலு அடிச்சான்"
என்றார் சோணைமுத்து, ஷேர் ஆட்டோக்காரர்.
"பதினாலுல ஒம்பது,
ஏற்கனவே தோத்துக்கிட்டிருந்த மேட்ச்ல"
என்றார் ஜைலானி.
முட்டை மொத்த வியாபாரம்;
உடைந்ததைத் தனியாக எண்ணிப் பழகியவர்.

மன்ரூப் சிங்கை முப்பது சதவீதம் பெரிதாக்கினேன்.
பிறகு இருபது குறைத்தேன்.
அவர் சிரித்துக்கொண்டேயிருந்தார்.

கோலிக்கு முகமே இல்லை, ஹெல்மெட்தான்.
"அதான் அவன் மூஞ்சி, அப்படியே விடுங்க."
"அவங்க அம்மா பாத்தா
எம்புள்ளைன்னு எதை வச்சுச் சொல்லும்?"
ஞானசௌந்தரி அக்கா கேட்டதும்
ஒரு நிமிஷம் மின்விசிறி மட்டும் பேசியது.
அக்கா தபால் துறை அணியில்
பன்னிரண்டு வருஷம் லெஃப்ட் அவுட்.
அவர் வாயைத் திறந்தால்
மற்றவர்கள் டீ கிளாஸைக் கீழே வைப்பார்கள்.

"சென்டர் ஹாஃபுக்கு யாரு? அதைச் சொல்லு மொதல்ல."
"கோயில்பட்டிப் பய சண்முககனி இருக்கான்ல."
"பத்தொம்பது வயசுய்யா அவனுக்கு!"
"பத்தொம்பதுல உன் மேல ரெண்டு கேஸ் இருந்துச்சு."
"கேஸும் சென்டர் ஹாஃபும் ஒண்ணாடா?"
"ரெண்டுலயும் ஓடணும்ல."

அக்கா சிரிக்கவில்லை.
"பந்து காலுக்கு வர்றதுக்கு முந்தியே
தலையைத் தூக்கிப் பாக்கிறான், அது நல்லது.
இடது பக்கம் திரும்புறப்ப ஒரு நொடி யோசிக்கிறான்.
பஞ்சாப்காரய்ங்க அந்த ஒரு நொடியில
கோல் போட்டுட்டுத் தண்ணியும் குடிச்சிருவாய்ங்க."

அடுத்து வாசகம்.
'கோப்பை நமதே' என்று அடித்திருந்தேன்.
"போன வருசமும் இதான, ஆறாவது வந்தோம்.
'அரையிறுதி நமதே'ன்னு போடுங்க" என்றார் ஜைலானி.
அடிக்கப் போனார் சோணைமுத்து.
ரயில்வே அமல்தாஸ் நடுவில் புகுந்து
கோப்பை இருக்கட்டும்,
எழுத்தைச் சின்னதாக்குங்கள் என்றார்.

கடைசியில்தான் அதைச் சொன்னார்கள்.
பழைய ஃபைலில் நடுவில் நிற்பவரைக் காட்டி,
காட்டிய விரலை உடனே மடக்கிக்கொண்டு:
"டோப்னோவை எடுத்துருங்க தங்கச்சி.
ஏலத்துல விட்டுட்டாய்ங்க."

நான்கு சீசன்.
நெற்றியில் ஏழு தையலோடு
கடைசிக் கால் மணி நேரம் ஆடியவராம்.
ராஞ்சிப் பக்கம் ஏதோ ஊர்.
'சூடா ஒரு டீ' மட்டும் தமிழில் தெரியுமாம்,
அதையும் மதுரை இழுவையில்.
இப்போது வேறு ஊருக்கு, வேறு நிற ஜெர்சிக்கு.
"வயசாயிருச்சுல்ல" என்றார் ஒருவர்.
யாரும் எதிர்த்துப் பேசவில்லை.
அன்றிரவு அது ஒன்றுக்குத்தான்
எதிர்ப்பே இல்லை.

ஓரம் பார்த்து வெட்டினேன்.
முடி, காது, கழுத்து, மட்டை.
எல்லாம் போயிற்று, கை ஒன்றைத் தவிர.
போன வருஷப் படத்தில்
ஓரத்தில் நின்ற மாற்று ஆட்டக்காரப் பையன்
சண்முககனியின் தோளில் போட்டிருந்த கை.

கையை அழிக்கலாம்.
ஆனால் அதற்கு அடியில் இருக்கும் தோள்
என்னிடம் இல்லை.
பக்கத்துத் துணியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன்,
பையனுக்குத் தோள் வெந்ததுபோல் ஆயிற்று.
திரும்பவும் கையைக் கொண்டுவந்தேன்.
பிழை பாருங்கள் என்றேன்.
நால்வரும் எழுத்தை மட்டும் பார்த்தார்கள்.

ஒரு மணிக்கு அச்சு முடிந்தது.
மை நாற்றத்தோடு சுருட்டி
ஷேர் ஆட்டோவின் கூரையில் ஏற்றினார்கள்.
ரேஸ்கோர்ஸ் ரோட்டில் கட்டிவிட்டு,
காற்று போய்வர
அங்கங்கே அரை நிலாவாய் வெட்டினார்களாம்.
ஒரு வெட்டு கோலியின் ஹெல்மெட்டில்.

மறுநாள் மதியம் ஜைலானி கூப்பிட்டார்.
முந்நூறு பாக்கி, நாளை தருவதாகச் சொன்னார்.
வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"சென்டர் ஹாஃபுக்கு
ஒரு கை கூட இருக்கு போல."

"ஆமாண்ணே."

"இருக்கட்டும். தேவைப்படும்."